ரோஸ் ஹில்லில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: ஆங்கிலத்தில் வேண்டிக் கேட்பது எப்படி?

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மாடி அறையில், சனிக்கிழமைதோறும் பிற்பகலில் பெரியவர்களுக்காக நடைபெறும் ஆங்கிலக் கடித வகுப்பைப் பற்றியது இம்மதிப்புரை. அந்த வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்து சேருவதுதான் வழக்கம். நடத்துபவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற அம்மையார். தம் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கோயில் சங்கம், ஊர்ச் சங்கம் ஆகியவற்றின் பொறுப்பில் இருந்து அரசு அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள் தயங்காமல் சேரலாம். வகுப்போடு சேர்த்து விற்கப்படும் புத்தகத்துக்கு மட்டும் பணம் கொடுக்க வேண்டாம்.

நன்றிக் கடிதம், புகார்க் கடிதம், வருத்தம் தெரிவிக்கும் கடிதம் எனப் பல பகுதிகள் பாடத்திட்டத்தில் உள்ளன. அவை எங்கும் கிடைப்பவைதான். இந்த வகுப்பைத் தனித்துக் காட்டுவது வேண்டுகோள் பற்றிய பகுதி. கேட்டல், வேண்டுதல், கெஞ்சுதல், மன்றாடுதல், இறைஞ்சுதல் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் யார், யாரிடம், எந்த நிலையில் நின்று சொல்லலாம் என்று அம்மையார் பிரித்துக் காட்டுகிறார். ஆகவே என் மதிப்புரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

மொரீஷியஸில் இப்பாடம் ஏன் தேவைப்படுகிறது என்பதை வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். இங்கே நாடாளுமன்றமும் நீதிமன்றமும் பள்ளிப் பாடநூல்களும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. செய்தித்தாள் பிரெஞ்சில் வருகிறது. வீட்டிலும் கடைத்தெருவிலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரெயோல் மொழி. தமிழ் கோயிலிலும் பள்ளித் தமிழ் வகுப்பிலும் வாழ்கிறது. இந்நிலையில் ஆங்கிலக் கடிதம் எழுத உட்காருபவர் பெரும்பாலும் பிரெஞ்சில் நினைத்து ஆங்கிலத்தில் இறக்கி வைக்கிறார். அதனால் விளையும் பிழைகளில் மிகவும் ஆபத்தானது 'டிமாண்ட்' என்ற சொல்லில் இருக்கிறது. பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் சாதாரணமாகக் கேட்பது. ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' என்றால் உரிமையோடு, மறுப்புக்கு இடமின்றி வற்புறுத்துவது. காகிதத்தில் ஒரே முகம், உள்ளே வேறு குணம்.

வகுப்பில் இது எப்படிக் கையாளப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கோயில் இளைஞர் குழு ஒன்றைச் சேர்ந்த மாணவர், தைப்பூசக் காவடி ஊர்வலத்துக்காகச் சாலையைச் சில மணி நேரம் ஒழுங்குபடுத்தித் தருமாறு காவல் துறைக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார். முதல் வரைவில் 'டிமாண்ட்' இருந்தது. அது கடுமையாகத் தொனிக்கிறது என்று யாரோ சொல்ல, கைப்பேசியில் தேடி அந்த இடத்தில் மன்றாடுதலைக் குறிக்கும் 'பெசீச்' என்று மாற்றியிருந்தார். அம்மையார் இரண்டு வரிகளையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "முதல் வரியை எழுதியவர் தொழிற்சங்கத் தலைவர், இரண்டாவதை எழுதியவர் தூக்குமேடைக்கு முன்னால் நிற்கிறார், காவடி எடுக்கிற பிள்ளை எங்கே?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. "மிஸ், அகராதியில் இரண்டுக்கும் கேட்பது என்றுதானே போட்டிருக்கிறது?" என்று மாணவர் கிரெயோலில் முறையிட, அதற்கு விடையாகத்தான் அன்றைய பாடம் முழுவதும் அமைந்தது. இறுதியில் பலகையில் நின்ற வரி 'வீ ஷுட் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ வுட்' (நீங்கள் செய்து தந்தால் நன்றியுடையோம்) என்று தொடங்கியது. அதாவது, அந்தச் சொற்களில் ஒன்றுகூட அலுவலகக் கடிதத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு தமிழாசிரியனாக எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. கேட்கும் சொல்லைக் கேட்பவரின் நிலையைக் கொண்டு பிரிப்பது நமக்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், இரத்தலுக்கு உரிய சொற்களாக ஈ, தா, கொடு என்ற மூன்றைச் சொல்லி, 'ஈ' என்பது தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது, 'தா' என்பது ஒத்தவன் கேட்பது, 'கொடு' என்பது உயர்ந்தவன் கேட்பது என்று வகுத்துவிட்டது. அம்மையாருக்கு இது தெரிந்திருக்கவில்லை. இடைவேளையில் சொன்னேன், அடுத்த வாரமே பலகையில் மூன்று தமிழ்ச் சொற்களும் ஏறிவிட்டன. தமிழ் பேச வராத மாணவர்கள்கூட அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலப் பட்டியல் அதற்குப் பிறகு அவர்களுக்கு எளிதாகப் பிடிபட்டது என்பது என் எண்ணம்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். 'ஆஸ்க்' வெறும் கேட்டல். 'ரிக்வெஸ்ட்' அதையே சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்து கேட்பது. 'பெக்' என்பது கையேந்துதல், கெஞ்சுதல். ஆனால் இச்சொல் மரியாதைச் சூத்திரங்களுக்குள் புகுந்து தன் கண்ணீரை இழந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கும் 'ஐ பெக் யுவர் பார்டன்' என்பதில் யாரும் கையேந்துவதில்லை. 'ஐ பெக் டு டிஃபர்' என்பவர் உண்மையில் முறைத்துக்கொண்டுதான் மறுக்கிறார். 'ஐ பெக் டு ஸ்டேட்' (பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்) என்று தொடங்கும் பழைய எழுத்தர் நடை நம் சங்கங்களின் கோப்புகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதைக் கைவிடுங்கள் என்று அம்மையார் சொல்வதை நான் முழுமனதாக ஏற்கிறேன். நம் பாட்டனார் காலத்து எழுத்தர்கள் வெள்ளைக்கார மேலதிகாரிக்கு எழுதிய பாணி அது. இன்று நகராட்சியில் அக்கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர் நம் பக்கத்துத் தெருப் பெண்ணாக இருக்கலாம்.

'இம்ப்ளோர்' கற்பிக்கப்படும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இச்சொல்லின் அடியில் இருப்பது லத்தீனில் அழுது அரற்றுவதைக் குறிக்கும் வினை. அதே வேரிலிருந்துதான் பிரெஞ்சின் 'ப்ளரே'யும் வந்தது. நம் வீட்டுக் குழந்தை அழும்போது கிரெயோலில் 'ப்ளோரே' என்கிறோமே, அதுவும் அந்த வழியில் வந்ததே. ஆங்கிலேயருக்கு அகராதி திறந்தால்தான் தெரியவரும் கண்ணீர், மொரீஷியஸ்காரர் காதில் தானாகவே விழுகிறது. எனவே இங்குள்ளவர் இச்சொல்லின் அழுத்தத்தைத் தவறவிட வாய்ப்பில்லை: கண்ணில் நீர் வருமளவு நெருக்கடி இருந்தாலொழிய எழுத வேண்டாம். மருத்துவமனைச் சிகிச்சைக்காக உதவி கேட்கும் குடும்பம் எழுதலாம். கோயில் மண்டபத்துக்கு நாற்காலி இரவல் கேட்பவர் எழுதக் கூடாது.

'பெசீச்' பழைய ஆங்கிலச் சொல்; தேடுதல் என்ற பொருளுள்ள 'சீக்' என்பதன் உறவு. இறந்த காலத்தில் 'பெசாட்' என்று உருமாறும்; 'பெசீச்ட்' என்பதும் வழக்கில் உண்டு. இறைவனை நோக்கிய கிறிஸ்தவ மன்றாட்டுகளில் நெடுங்காலம் புழங்கியதால் இதில் வழிபாட்டு வாசனை ஏறிவிட்டது. ஆனால் தாழ்ந்தவர்தான் இச்சொல்லை ஆள வேண்டும் என்பதில்லை என்பதற்கு அம்மையார் காட்டிய சான்று அருமையானது. 1650 ஆகஸ்டில் ஆலிவர் குரோம்வெல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவைக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் தவறாக எண்ணியிருக்கக்கூடும் என்று சற்றே நினைத்துப் பாருங்கள் எனக் கிறிஸ்துவின் பெயரால் 'பெசீச்' செய்கிறார். எழுதியவர் கையில் படை இருந்தது. அடுத்த மாதமே டன்பாரில் போர் நடந்தது. வலியவர் வாயிலிருந்து வரும்போது மன்றாட்டும் எச்சரிக்கையாகிவிடும் என்பதை எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

'என்ட்ரீட்' இவற்றுள் சற்று நிதானமானது. ஒருவரோடு கலந்து பேசுவது, நடத்துவது என்ற பழைய பொருளிலிருந்து வந்ததால், அதில் கண்ணீரைவிடப் பேச்சு அதிகம்; எதிரே இருப்பவர் மனம் இளகும் வரை காரணம் சொல்லிச் சொல்லி வேண்டுவது. 'சப்ளிகேட்' மடங்கி மண்டியிடுவதைக் குறிக்கும் லத்தீன் மரபைச் சேர்ந்தது. பிரெஞ்சின் 'சுப்ளியே' இதன் உடன்பிறப்பு. பிரெஞ்சில் 'ழ த சுப்ளி' என்று தாய் மகனிடம் அன்றாடம் சொல்லலாம். ஆங்கிலத்தில் அதை அப்படியே பெயர்த்தால், மகன் சமையலறையில் பலிபீடத்தைத் தேடுவான். சந்நிதியில் நிற்பவரைப் பற்றிக் கதையிலோ கட்டுரையிலோ எழுதும்போது மட்டுமே இது பொருந்தும்.

'அட்ஜூர்' என்பதை விரைவாகக் கடந்துவிட்டார். ஆணையிட்டுக் கேட்பது, சத்தியத்தின் பெயரால் கட்டாயப்படுத்துவது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். அது போதும். 'கிரேவ்' முன்னாளில் உரிமையோடு கோருதலாக இருந்து, வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தின் அனுமதியை வேண்டும் தொடரில் எஞ்சி, இன்று பெரும்பாலும் தின்பண்டத்துக்கு ஏங்கும் சொல்லாகிவிட்டது.

இரண்டு சொற்களுக்கு அவர் தரும் எச்சரிக்கை பயனுள்ளது. 'சொலிசிட்' என்பதை நன்கொடை திரட்டும் குழுக்கள் பயன்படுத்தலாம். ஆனால் பாலியல் தொழிலுக்காகத் தெருவில் நின்று வாடிக்கையாளரை அழைக்கும் குற்றத்துக்கும் ஆங்கிலச் சட்டத்தில் இதுவே பெயர். திருவிழா நாளில் எங்கள் மகளிர் அணி சாலையில் நின்று 'சொலிசிட்' செய்யும் என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 'இம்போர்ட்யூன்' என்பது நச்சரித்தல். எவரும் தம்மைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர் செய்வதைப் பற்றிச் சலிப்போடு சொல்வதற்கான சொல் அது. கடிதத்தில் 'மீண்டும் இம்போர்ட்யூன் செய்ய வேண்டியுள்ளது' என்று ஒருவர் எழுதினால், நான் உங்களுக்குத் தொல்லையாகிவிட்டேன் என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும்.

பகுதியின் உச்சம் 'பெட்டிஷன்' பற்றிய பாடம். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது நம் தீவின் வரலாற்றையே. 1871இல் பழைய குடியேறிகள், அதாவது ஐந்தாண்டு ஒப்பந்தத்தை முடித்துவிட்டு இங்கேயே தங்கியிருந்த இந்தியர்கள், ஆளுநர் சர் ஆர்தர் கோர்டனிடம் கொடுத்த மனுவில் 9,401 பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். முன்னின்று எழுதியவர் அடோல்ஃப் தெ ப்ளேவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி. துணைநின்றவர்களுள் ராஜரத்தின முதலியார் என்ற தமிழரும் ஒருவர். நடமாடுவதற்குச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம், 1867ஆம் ஆண்டின் சட்டத்தைக் காட்டி அலைந்து திரிபவர்கள் என்று பிடித்துச் செல்லுதல், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் முறை ஆகியவை அக்காலத்து முக்கியக் குறைகள். மனுவைக் கண்டு கொதித்த தோட்ட உரிமையாளர் தரப்பு, தெ ப்ளேவிட்ஸை நாடு கடத்த வேண்டும் என்று ஆளுநரிடம் தானும் ஒரு மனுக் கொடுத்தது. ஆளுநர் மறுத்தார். 1872இல் ஃப்ரீயர், வில்லியம்சன் என்ற இருவரைக் கொண்ட அரச ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1875இல் வெளிவந்தது.

அம்மையார் இந்த இரண்டு மனுக்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்ட கேள்வி, இரண்டுக்கும் பெயர் 'பெட்டிஷன்' என்றால், கேட்டவர்களின் நிலையும் ஒன்றா என்பது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் வகுப்பு அதைப் பற்றியே பேசியது. பணிவான வடிவம் என்பது பணிவான மனத்தைக் காட்டுவதில்லை. ஆட்சியோடு பேசுவதற்கு அந்நாளில் இருந்த வாசல் அது ஒன்றே, வலியவரும் எளியவரும் அதன் வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது என்று ஒரு மாணவி சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அக்கால மனுக்கள் 'மனுதாரர்கள் என்றென்றும் பிரார்த்திப்பார்கள்' என்ற வழக்கமான ஆங்கில வாய்ப்பாட்டோடு முடியும். அங்கே 'ப்ரே' என்பது வேண்டுதலும் ஆகும், தொழுகையும் ஆகும். இதே சொல்லின் லத்தீன் மூலத்திலிருந்துதான் 'ப்ரிகேரியஸ்' வந்தது என்று அவர் சேர்த்துச் சொன்னார். பிறருடைய தயவை வேண்டிப் பெற்று, அவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் ஒன்றை வைத்திருப்பதே அதன் முதற்பொருள். சீட்டு இல்லாமல் வெளியே போக முடியாத பழைய குடியேறியின் வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

'டிமாண்ட்' என்பதற்கு முறையான இடம் எது என்று ஒருவர் கேட்டபோது, 1998இல் வெளிவந்த பணத்தாள்களை வகுப்பிலிருந்த மூத்தவர் ஒருவர் நினைவூட்டினார். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்துவந்த வரிசையை மாற்றித் தமிழைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள்; தமிழர்கள் கொதித்தெழ, தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசை மீட்கப்பட்டது. அங்கே யாரும் 'இம்ப்ளோர்' செய்யவில்லை. உரிமை இருக்கும் இடத்தில் கெஞ்சும் சொல் கடிதத்தையே பலவீனமாக்கும் என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியாது.

'அப்பீல்' பற்றி அதிகம் சொல்லவில்லை. 1992இல் குடியரசான பிறகும் நம் வழக்குகளின் இறுதி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்கே போவதால் சட்டப் பொருள் இங்கு எல்லாருக்கும் தெரிந்ததே. பொதுமக்களிடம் விடுக்கும் உருக்கமான வேண்டுகோளுக்கும் அதே சொல் உதவும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். வாதாடுவதையும் கெஞ்சுவதையும் குறிக்கும் 'ப்ளீட்' சொல்லும் நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்கு வந்ததுதான்.

இலக்கணப் பகுதி சுருக்கமானது, ஆனால் கடைக்குப் போய் வாங்க முடியாதது. பெக், பெசீச், இம்ப்ளோர், என்ட்ரீட் ஆகிய நான்கும் ஆளை நேரடியாகப் பின்னே கொண்டு, பிறகு 'டு' சேர்த்துச் செயலைச் சொல்லும். 'ப்ளீட்' மட்டும் இடையில் 'வித்' கேட்கும். 'அப்பீல்' ஆளுக்கு முன் 'டு' கேட்கும். 'ரிக்வெஸ்ட்' வினையாக வரும்போது பின்னால் 'ஃபார்' கூடாது. பெயராக வரும்போதுதான் அது வேண்டும். நம் சங்கக் கடிதங்களில் பத்துக்கு எட்டில் இந்தக் கடைசிப் பிழை இருக்கும் என்று துணிந்து சொல்வேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, நான் முன்பே சொன்ன புத்தகம். வகுப்பில் சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்டப்படும் நுட்பம் எதுவும் அதில் இல்லை. 'என்ட்ரீட்' என்ற இடத்தைப் பார்த்தால் 'பெசீச்' என்று பொருள் போட்டிருக்கிறது. 'பெசீச்' பார்த்தால் 'இம்ப்ளோர்'. அங்கே போனால் மறுபடியும் 'என்ட்ரீட்'. வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறோம். வேறெங்கோ தயாரான பட்டியலை நகலெடுத்துக் கம்பி குத்தித் தருகிறார்கள். சில பக்கங்களின் ஓரங்கள் வெட்டுப்பட்டு வந்திருந்தன. அம்மையாரே அதைத் திறப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. குறிப்பேடு ஒன்றை நீங்களே கொண்டுபோய்ப் பலகையில் இருப்பதை எழுதிக்கொள்வது மேல்.

இரண்டாவது, மின்னஞ்சலுக்கு இடமே இல்லை. இன்று பெரும்பாலான வேண்டுகோள்கள் தாளில் போவதில்லை. நாலு வரிக்குள் மரியாதையும் காரணமும் அடங்க வேண்டிய அந்த வடிவத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். கேட்டால், கடிதம் எழுத வந்துவிட்டால் மின்னஞ்சலும் தானாக வந்துவிடும் என்கிறார். அதை நான் ஏற்கவில்லை. நீண்ட கடிதத்தில் இடம்பெறும் பணிவுத் தொடர்களை அப்படியே மின்னஞ்சலில் ஏற்றினால், கேட்க வந்த செய்தி மூன்றாம் பத்திக்குக் கீழே புதைந்துபோகும்.

மூன்றாவது, மொழி. விளக்கம் கிரெயோலிலும் பிரெஞ்சிலும் நடக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது வசதி. தமிழ்நாட்டிலிருந்து பணிக்கு வந்திருக்கும் குருக்கள்மாரும் மற்றவர்களும் சேர்ந்தால் பாதிப் பாடம் கைநழுவும். என் பக்கத்தில் அமர்ந்திருந்த குருக்களுக்கு நான் காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதற்காக இருவரும் ஒருமுறை கண்டிக்கவும் பட்டோம்.

அறை சிறியது, மழைக்காலத்தில் தகரக் கூரையின் ஓசை பலகைக்கு அருகில் அமர்ந்தவர்களுக்குக்கூடக் கேட்கவிடாது. முன்வரிசையில் இடம் பிடிப்பது நல்லது. கட்டணம் மாதம் 1,200 மொரீஷியஸ் ரூபாய், புத்தகத்துக்குத் தனியாக 350. இந்தப் பாடத்துக்கு முதல் தொகை நியாயமானதே. பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். தேர்வுக்கு வேண்டிய பயிற்சி இங்கே கிடைக்காது, அம்மையாரும் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். சங்கச் செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் கோப்பிலிருந்து பதில் வராத பழைய கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும். சேர்ந்த முதல் நாளே அதைத்தான் கேட்பார். பெயர், முகவரி ஆகியவற்றை மட்டும் முன்னரே மறைத்துவிடுங்கள், ஏனெனில் கடிதம் அப்படியே பலகையில் ஏறும்.